அலாய் வீலுக்குப் பவுடர் கோட்டிங்கா, பெயிண்டா?

தூத்துக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பத்து வருஷம் ஓடிய சின்ன கார். நாலு அலாய் வீலும் பார்க்கச் சகிக்கவில்லை. முகப்பு கடைந்தெடுத்த வெள்ளி, உள்பக்கம் கறுப்பு என்கிற வகை. அந்த வெள்ளிப் பகுதியில், கிளியர் கோட் என்கிற நிறமில்லாத மேல்பூச்சுக்கு அடியில், புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைத் தடங்கள். ஓரமெல்லாம் பிளாட்பாரக் கல்லில் உரசிய காயம். ஸ்டெப்னி மட்டும் இரும்பு டிஸ்க், அதில் துரு. "பவுடர் கோட்டிங் போட்டால் ஆயுசுக்கும் வரும் என்கிறார் ஒருவர். அலாய் வீலை ஓவனில் வைத்தால் பலம் போய்விடும் என்கிறார் இன்னொருவர். ஸ்பிரே கேன் வாங்கி நீயே அடித்துக்கொள் என்கிறார் மூன்றாமவர். நான் யார் பேச்சைக் கேட்பது?"

பவுடர் கோட்டிங் என்பது ஈரப் பெயிண்டுக்குப் பதிலாக நிறத்தூளை மின்னேற்றி ஒட்டவைத்து, ஓவனில் உருக்கிப் பிடிக்க வைப்பது. நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலாய் வீல் செய்து பழகிய பவுடர் கோட்டிங் யூனிட் எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே கொடுங்கள். டைமண்ட் கட் என்கிற அந்தக் கடைந்தெடுத்த வெள்ளி முகப்பை மறந்துவிட்டு, வீல் முழுக்க ஒரே நிறமாகப் போடச் சொல்லுங்கள். கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் மட்டும் போடுகிற இடம்தான் கிடைக்கிறது என்றால் அலாயை அங்கே கொடுக்க வேண்டாம். அதைவிட நல்ல கார் பெயிண்டர் ஒருவர் அடிக்கும் 2கே பெயிண்ட் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) மேல். இரும்பு ஸ்டெப்னியை, ஆசிட் தொட்டியில் முக்க வேண்டாம் என்று சொல்லி, அந்தக் கேட் கடையிலேயே தாராளமாகக் கொடுக்கலாம். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதுதான் மீதிப் பதில்.

நான் கோவையில் பம்பு பாடி, மோட்டார் கவர் மாதிரியான வார்ப்புகளுக்குப் பவுடர் கோட்டிங் ஜாப் ஒர்க் செய்து வந்தவன். வீல்கள் இடையில், தெரிந்தவர்கள் வழியாக வந்து சேர்ந்தன. அதனால் நான் வீலையும் ஒரு வார்ப்பாகத்தான் பார்ப்பேன். அந்தப் பார்வையின் குறை நிறை இரண்டும் இந்தப் பதிலில் இருக்கும்.

முதலில் அந்தப் புழுத் தடம். டைமண்ட் கட் வீலைச் செய்யும்போது வீல் முழுவதற்கும் பிரைமர், பெயிண்ட் எல்லாம் அடித்துவிட்டு, முகப்பை மட்டும் சிஎன்சி லேத்தில் ஏற்றி மெல்லிசாகச் சீவி எடுக்கிறார்கள். அடியிலிருக்கும் அலுமினியம் பளிச்சென்று தெரியும். அதன்மேல் கிளியர் மட்டும்தான் போடுவார்கள். அதாவது வீலிலேயே அதிகம் அடிபடுகிற பகுதிக்குத்தான் பிரைமர் கிடையாது. போதாததற்கு, சீவிய இடத்தின் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். எந்தப் பூச்சும், ஈரப் பெயிண்டாக இருந்தாலும் உருகிய பவுடராக இருந்தாலும், கூர் விளிம்பிலிருந்து வழுக்கி விலகும். அங்கே பூச்சு பெயருக்குத்தான் இருக்கும். ஒரு கல் தெறித்துச் சின்ன ஓட்டை விழுந்தால் போதும், உப்பும் ஈரமும் உள்ளே புகுந்து, கிளியருக்கும் அலுமினியத்துக்கும் இடையில் நூல் நூலாக ஊர்ந்துகொண்டே போகும். தூத்துக்குடிக் காற்றில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மறுபடி டைமண்ட் கட் போட்டுத் தரும் இடங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறை சீவும்போதும் கொஞ்சம் உலோகம் போகிறது. அதனால் ஒரு வீலுக்கு இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்ய முடியாது. கடலோரத்தில் அந்தச் செலவு இன்னும் சில வருஷத்தில் அப்படியே திரும்பி வரும். உள்நாட்டில் இருப்பவர் கேட்டிருந்தால் யோசித்துச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, வேண்டாம்.

வீலைக் கொடுப்பதற்கு முன் டயரைக் கழற்றி, உள்பக்கத்தையும் விளிம்பையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நெளிவு, வெடிப்பு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். பாலன்சிங் மெஷினில் சுற்றவிட்டுப் பார்த்தால் நெளிவு தெரிந்துவிடும். வெடிப்புதான் ஏமாற்றும். பெரும்பாலும் உள் விளிம்பில், குழியில் இறங்கி அடி வாங்கிய இடத்தில் மயிரிழை போல இருக்கும். பழைய பெயிண்டை உரித்த பிறகுதான் கண்ணில் படும். அப்படி ஒரு வீல் எங்களிடம் வந்தது. உரித்துப் பார்த்தால் விரல் நீளத்துக்கு வெடிப்பு. "மேலே பவுடர் போட்டால் தெரியாதுதானே, போட்டுக் கொடுங்கள்" என்றார் வந்தவர். தெரியாதுதான், அதனால்தான் போட மாட்டேன் என்று உரித்தபடியே திருப்பிக் கொடுத்தேன். என்னோடு அவர் பேசுவதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. வெடித்த அலாய் வீலை வெல்டிங் வைத்து ஓட்டுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது உரிப்பது. பூச்சு எவ்வளவு நாள் நிற்கும் என்பதில் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிவிடுகிறது. கேட் கடைகளில் பெரும்பாலும் 'செவன் டேங்க்' என்று ஒரு வரிசைத் தொட்டிகள் இருக்கும். எண்ணெய் போக ஒன்று, துரு போக ஆசிட் ஒன்று, பாஸ்பேட் ஒன்று, நடுவில் தண்ணீர்த் தொட்டிகள். இரும்புக்கு அருமையான ஏற்பாடு. அதே தொட்டியில் அலுமினிய வீலை முக்கினால் ஆசிட் அதைக் கறுத்துப்போகச் செய்து, குழி குழியாக அரித்துவிடும். பெயிண்டை உரிக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவது அதைவிட மோசம். காஸ்டிக், பெயிண்டோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்னும். அலாய்க்குச் சரியான வழி அதற்கென்று இருக்கும் பெயிண்ட் ரிமூவர், அல்லது பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் துகள்களை வீசியடித்து உரிப்பது), அல்லது இரண்டும். ரிமூவரில் மெதிலீன் குளோரைடு இருந்தால் மூடிய அறையில் வைத்து வேலை செய்யவே கூடாது. அந்த ஆவி ஆளை மயங்க வைக்கும், உயிருக்கே ஆபத்து.

பிளாஸ்டிங்கில் என்ன போட்டு அடிக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். கண்ணாடி மணி அல்லது அலுமினியம் ஆக்சைடு என்றால் சரி. இரும்புக் குண்டு, இரும்புத் துகள் என்றால் வேண்டாம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொடக்கத்தில் ஒரு செட் வீலை, பம்பு பாடிக்கு ஓடிக்கொண்டிருந்த அதே இரும்புக் குண்டு மெஷினில் போட்டு எடுத்தோம். பார்க்க ஒரே சீராக, அழகாக வந்தது. வெள்ளிப் பவுடர் போட்டு அனுப்பினோம். மழைக்காலம் முடிவதற்குள் திரும்பி வந்தது, வெள்ளி நிறத்தில் மஞ்சள் தூவினாற்போல் துருப் புள்ளிகள். அலுமினியம் மெத்து. அடிக்கும்போது இரும்புத் துகள் அதற்குள் புதைந்து உட்கார்ந்துவிடுகிறது. அது துருப்பிடித்துப் பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. நாலு வீலையும் என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன். சாதாரண மணலால் அடிக்கிற இடமாக இருந்தால் உங்கள் வீலை நினைத்து அல்ல, அங்கே வேலை பார்க்கிற பையனின் நுரையீரலை நினைத்து வேறு இடம் பாருங்கள். அந்தத் தூசி சிலிக்கோசிஸ் கொண்டு வரும்.

உரித்த வீலைப் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் அது வார்ப்பு. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய. பத்து வருஷத்து எண்ணெய், கிரீஸ், காற்று, ஈரம் எல்லாம் அதற்குள் அடைந்து கிடக்கும். நேரே பவுடர் அடித்து ஓவனில் வைத்தால், பவுடர் உருகிக் கூழாக இருக்கிற அந்தச் சில நிமிஷத்தில் உள்ளே அடைந்திருந்த காற்று விரிந்து வெளியே வரும். கொதிக்கிற கஞ்சியில் குமிழி உடைவது மாதிரி. ஆறியதும் மேலே ஊசிக் குத்தினாற்போல் ஓட்டைகள், கொப்புளங்கள். அதனால் வார்ப்பு அலுமினியத்தை முதலில் வெறுமனே ஓவனில் வைத்து, பிறகு கியூர் செய்யப் போகும் (அதாவது பவுடரை உருக்கிக் கெட்டியாக்கும்) சூட்டுக்குக் கொஞ்சமாவது மேலே கொண்டுபோய், அரை மணி நேரம் போல வைத்து எடுக்க வேண்டும். வெளியே வர வேண்டியதெல்லாம் அப்போதே வந்துவிடும். எண்ணெய் கசிந்த வீலில் கறை தெரியும், துடைத்து மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். கிரில் கடைக்காரருக்கு இந்த வேலை பழக்கமே இருக்காது. தகட்டிலும் குழாயிலும் இந்தத் தொல்லை இல்லை. அவர் மேல் தப்பில்லை, அவர் வேலை வேறு.

இப்போது உங்கள் இரண்டாமவர் கிளப்பிய பயத்துக்கு வரலாம். ஓவனில் வைத்தால் பலம் போகுமா? பயம் முழுக்கப் பொய்யில்லை. வார்ப்பு வீல்களில் பெரும்பாலானவை அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் துளி மக்னீசியமும் சேர்ந்த ஏ356 வகை. வார்த்ததும் 540 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்து, தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, பிறகு 150 டிகிரியைச் சுற்றிய சூட்டில் மறுபடி சில மணி நேரம் வைத்துப் பலமேற்றுகிறார்கள். டி6 என்று குறிப்பிடுவது இதைத்தான். அந்த இரண்டாவது சூட்டை மீறி நெடுநேரம் வைத்தால் ஏற்றிய பலம் மெல்ல இறங்கத் தொடங்கும். இதுதான் அந்தப் பயத்தின் வேர்.

ஆனால் பவுடர் கியூர் ஆவது 180 முதல் 200 டிகிரியில், பத்து முதல் இருபது நிமிஷம். புது வீல்களுக்கே பல தொழிற்சாலைகள் அடிப்பூச்சாகப் பவுடர் போட்டுத்தான் பெயிண்ட் அடிக்கின்றன. ஒழுங்கான ஒரு தடவை வேலையில் வீலுக்கு ஒன்றும் ஆகாது. கெடுதல் எங்கே வரும் என்றால், மீட்டர் சரியில்லாத ஓவனில் 230, 240 என்று ஏறிப்போகும்போது. அல்லது நிறம் பிடிக்கவில்லை, குமிழி வந்துவிட்டது என்று அதே வீலை நாலைந்து முறை உரித்து உரித்துச் சுடும்போது. டார்ச் வைத்துச் சூடேற்றி நெளிவு எடுக்கிறார்களே, அங்கே எத்தனை டிகிரி என்று அந்த ஆளுக்கே தெரியாது. ஓவனைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதைப் பார்த்துப் பயப்படலாம். 160 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே கியூர் ஆகும் பவுடர்களும் வருகின்றன. கடையில் அது இருந்தால் இன்னும் நிம்மதி.

கடலோரத்துக்கு நான் சொல்வது இரண்டு பூச்சு. அடியில் எப்பாக்சி பிரைமர் பவுடர், மேலே பாலியெஸ்டர் பவுடர். எப்பாக்சி துருவையும் உப்பையும் நன்றாகத் தடுக்கும், ஆனால் வெயிலில் சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளுத்துவிடும். பாலியெஸ்டர் வெயிலைத் தாங்கும். பிரைமரை முழுதாகச் சுடாமல் அரைவேக்காடாக எடுத்து, அதன்மேல் பாலியெஸ்டர் அடித்து, இரண்டையும் சேர்த்து முழுக் கியூர் செய்வார்கள். அப்போதுதான் ஒன்றோடு ஒன்று பிடிக்கும். 'எப்பாக்சி-பாலியெஸ்டர்' என்று இரண்டும் கலந்த ஒரு பவுடர் உண்டு. விலை குறைவு, அலமாரிக்கும் ஃபேனுக்கும் நல்லது. வெயிலில் ஓடும் வீலுக்கு அதைப் போட்டுத் தந்துவிடப் போகிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பெயிண்ட் மாதிரி கடையிலேயே கலந்து உங்கள் பழைய வெள்ளிக்கு மேட்ச் செய்ய முடியாது. பவுடர், தொழிற்சாலையில் கலந்த நிறத்தோடுதான் பெட்டியில் வருகிறது. ரால் 9005 கறுப்பு, ரால் 9006 வெள்ளி, ரால் 7016 அடர் சாம்பல் என்று, ரால் என்கிற நிற அட்டவணையின் எண் சொல்லிக் கேட்கலாம். கடலோரம், பிரேக் தூசி, எப்போதும் கழுவ நேரம் கிடைக்காது என்பதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அடர் சாம்பல் நல்ல தேர்வு. பளபளக் கறுப்பு முதல் வாரம் மட்டும் அழகு. அப்புறம் தூசி தெரியும், துடைத்தால் கோடு தெரியும்.

பவுடர் எப்படி ஒட்டுகிறது என்று தெரிந்தால் எங்கே பிழை வரும் என்பதும் புரியும். கன் முனையில் உள்ள ஊசிக்குப் பல்லாயிரம் வோல்ட் கொடுத்து, அதைத் தாண்டிப் போகும் தூளுக்கு மின்னேற்றம் தருகிறார்கள். வீல் ஒரு கொக்கியில் தொங்கி, எர்த் ஆகியிருக்கும். தூள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். கொக்கியில் பழைய பவுடர் தடித்துப் படிந்திருந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது, பூச்சு திட்டுத் திட்டாக வரும். கொக்கிகளைச் சுத்தமாக வைத்திருக்கிற கடையா என்று ஒரு பார்வை பாருங்கள், மற்றதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் மூலைகள். இரண்டு ஸ்போக் சேரும் உள்மடிப்பில் மின்புலம் நுழையாது. தூள் வாசலிலேயே விளிம்புகளில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பழகிய ஆள் முதலில் மூலைகளுக்கு, வோல்டேஜைக் குறைத்து அடித்துவிட்டுத்தான் முகப்புக்கு வருவார். இல்லையென்றால் வீலை இளஞ்சூடாக்கி அடிப்பார், தூள் பட்டதும் இளகிப் பிடித்துக்கொள்ளும். பவுடர் கோட்டிங் பிறந்ததே இந்த வழியில்தான். 1950களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர், காற்றில் குமிழ்ந்துகொண்டிருக்கும் தூளுக்குள் சூடான பாகத்தை முக்கி எடுத்தார். கன் வைத்து அடிப்பது 1960களில்தான் பரவியது.

ஒரு பூச்சு 60 முதல் 80 மைக்ரான் இருந்தால் போதும். தடிமனாகப் போட்டால் கெட்டி என்று நினைத்து அள்ளி அடிக்கச் சொல்லாதீர்கள். தூள் ஒரு அளவுக்கு மேல் சேர்ந்தால் தன்னைத்தானே தள்ளும், மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகும்.

தடிமனைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நட்டு உட்காரும் கூம்புக் குழி, வீல் ஹப்போடு ஒட்டும் பின்முகம், நடு ஓட்டை. இந்த மூன்று இடத்திலும் பவுடர் இருக்கக் கூடாது. பவுடர் எவ்வளவு கெட்டியானாலும் அது பிளாஸ்டிக். நட்டை முறுக்கும்போது பிடிமானம் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருந்தால், முறுக்கும்போது ஸ்பேனரில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஓட ஓட, பிரேக் சூட்டில், அந்தப் படலம் நசுங்கி ஒதுங்கும். நட்டு தளரும். எங்கள் பக்கத்தில் வேறோர் இடத்தில் போட்ட வீலோடு ஒருவர் வந்தார். "ஸ்டியரிங் ஆடுகிறது, கோட்டிங்கில் எடை கூடிவிட்டதா?" என்று கேட்டார். கையாலேயே இரண்டு நட்டைச் சுற்ற முடிந்தது. குழிக்குள் பவுடர் வளையம் வளையமாகப் பிதுங்கி நின்றது. அந்த நிலையில் அவர் அவினாசி ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆகவே கொடுக்கும்போதே "நட்டுக் குழியை எதை வைத்து அடைப்பீர்கள்?" என்று கேளுங்கள். சிலிகான் பிளக், சூடு தாங்கும் பச்சை டேப் என்று பதில் வந்தால் விஷயம் தெரிந்தவர். "அதெல்லாம் அப்புறம் சுரண்டிக்கொள்ளலாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் மெல்லிய பூச்சு இருக்கலாம். தடித்து வழிந்திருந்தால் டியூப்லெஸ் டயரில் மெதுவாகக் காற்று இறங்கும்.

அடுத்து ஓவன். கதவில் இருக்கும் மீட்டர் 200 என்று காட்டினால் அது உள்ளே இருக்கும் காற்றின் சூடு. வீலின் ஸ்போக் சீக்கிரம் சூடாகும், நடுக்கட்டை கடைசியாகத்தான் சூடாகும். வீலே அந்தச் சூட்டை எட்டிய பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். தகட்டுக்குப் பழகிய ஆள் அதே நேரக்கணக்கில் வீலையும் எடுத்துவிட்டால் வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே வேகாமல் இருக்கும். ஆறு மாதத்தில் சில்லுச் சில்லாகப் பெயரும். வேலை முடிந்து வாங்கும்போது, உள்பக்கத்தில் கண்ணில் படாத ஓர் இடத்தில், தின்னர் நனைத்த பஞ்சால் இருபது முப்பது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பளபளப்பு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. பஞ்சில் நிறம் வழிந்து வந்தாலோ, நகம் வைத்தால் இறங்கினாலோ வேகவில்லை என்று பொருள். கடைக்காரருக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

பிரேக் சூட்டில் பவுடர் உருகிவிடுமோ என்று சிலர் கேட்பார்கள். உருகாது. ஒரு தடவை கியூர் ஆனால் வெந்த முட்டை மாதிரி, திரும்ப இளகாது.

சரி, பெயிண்ட். இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். கிளியர் கோட் போட்ட நல்ல 2கே பெயிண்ட் வேலை, அவசரத்தில் போட்ட பவுடரைவிட வெகு நாள் நிற்கும். உங்கள் விஷயத்தில் பெயிண்டுக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது, அந்தக் கல் உரசல்கள். பெயிண்டர் பட்டி பார்த்து, தேய்த்து, உரசல் இருந்த இடமே தெரியாமல் செய்துவிடுவார். பவுடருக்கு முன்னால் சாதாரண பட்டி போட முடியாது, 200 டிகிரியில் அது கருகி உப்பும். அங்கே அரத்தால் காயத்தைத் தேய்த்துச் சமமாக்குவதுதான் வழி, ஆழமான வெட்டாக இருந்தால் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். இன்னொன்று, பிற்பாடு ஒரு கீறல் விழுந்தால் பெயிண்டில் அந்த இடத்தை மட்டும் தொட்டுக்கொடுக்கலாம். பவுடரில் அது நடக்காது. ஒட்டுப் போட்டால் ஒட்டாகவே தெரியும், சரியாகச் செய்ய வேண்டுமென்றால் முழு வீலையும் உரிக்க வேண்டும்.

பெயிண்டரிடம் கேட்க வேண்டியது, அலுமினியத்தின்மேல் எந்தப் பிரைமர் என்பது. வெறும் அலுமினியத்தில் சாதாரண பிரைமர் பிடிக்காது, எப்பாக்சி பிரைமர் வேண்டும். புழுத் தடம் உள்ள இடம் முழுவதையும் உலோகம் தெரியும்வரை உரிக்க வேண்டும். வெள்ளைத் தூள் துளி மிச்சமிருந்தாலும் அது புதுப் பூச்சுக்கு அடியில் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஊர ஆரம்பிக்கும். டைமண்ட் கட்டின் கூர் விளிம்புகளை உப்புத்தாளால் லேசாக மழுக்கிவிடச் சொல்லுங்கள். இது பவுடருக்கும் பொருந்தும். ஐந்து நிமிஷ வேலை, யாரும் செய்வதில்லை. அப்புறம் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை நிறம், அதன்மேல் ஹார்ட்னர் கலந்த 2கே கிளியர் இரண்டு தடவை. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் டின்னில் போட்டிருக்கும் நேரம் விட வேண்டும்.

நீங்களே அடிக்கலாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பொறுமையும் இருந்தால் ஸ்பிரே கேனில் பார்க்கும்படியாக வரும். ஆனால் சாதாரண கேனில் இருக்கும் பெயிண்ட் காய்ந்த பிறகும் பெட்ரோல் பட்டால் கரையும், கல் பட்டால் பெயரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கத் தயாரென்றால் தப்பில்லை. இதில் பெரிய எதிரி டயர் பாலிஷ். அந்தப் பளபளப்பு எண்ணெயில் சிலிகான் இருக்கிறது, துளி மிச்சமிருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் ஒதுங்கி, மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். தேய்ப்பதற்கு முன்பே சோப்புத் தண்ணீரிலும், பிறகு கிரீஸ் ரிமூவரிலும் துடைத்துவிடுங்கள். முதலில் தேய்த்துவிட்டு அப்புறம் துடைத்தால் சிலிகானைக் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் அடிக்காதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும். ஷெட்டில் தரையை நனைத்துவிட்டு அடித்தால் தூசி எழும்பாது. ஒரே ஒரு கண்டிப்பு, ஹார்ட்னர் கலந்த 2கே கிளியரை வீட்டில் அடிக்க வேண்டாம். அதில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பும். துணி மாஸ்க் அதற்கு எந்தத் தடையும் இல்லை.

இரும்பு ஸ்டெப்னி எளிது. நுண்துளை இல்லை, பலம் போகும் பயம் இல்லை. பிளாஸ்டிங் அடித்து, அன்றைக்கே எப்பாக்சி பிரைமர் போட வேண்டும். தூத்துக்குடிக் காற்றில் மறுநாள் வரை வைத்தால் மறுபடி சிவந்துவிடும். ஆசிட் தொட்டியில் முக்குவதில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. இரும்பு வீல் என்பது வளையமும் நடுத்தட்டும் வெல்டிங்கில் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடுக்கில் ஆசிட் தங்கி, கோட்டிங் போட்டு மாதக்கணக்கானாலும் பழுப்பாகக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் இதற்கும் பிளாஸ்டிங்கே மேல்.

டயர் கழற்றும் இடத்தில், புதுப் பூச்சு என்று சொல்லி மெஷினில் பிளாஸ்டிக் கவசம் போட்டு மாட்டச் சொல்லுங்கள். வால்வைப் புதிதாக மாற்றிவிடுங்கள். வீல் ஓவனுக்குப் போவதற்கு முன்பே பழைய ரப்பர் வால்வும், டயர் காற்றழுத்த சென்சார் இருந்தால் அதுவும் வெளியே வந்திருக்க வேண்டும். பாலன்சிங்கில் விளிம்பில் அடித்து மாட்டும் கிளிப் வெயிட் வேண்டாம், உள்பக்கம் ஒட்டும் வகை போடச் சொல்லுங்கள். கிளிப் கடிக்கும் இடத்தில்தான் முதல் கீறல், முதல் உப்பு.

வாட்டர் வாஷ் கடையில் வீலுக்கென்று ஒரு பாட்டில் வைத்திருப்பார்கள், அடித்ததும் பொங்கிப் பளிச்சென்று ஆக்கும். அது பெரும்பாலும் ஆசிட். உங்கள் வண்டிக்கு ஷாம்பு போதும் என்று இறங்கும்போதே சொல்லிவிடுங்கள். பெயிண்ட் அடித்திருந்தால் முதல் சில வாரம் பிரஷர் வாஷையும் தள்ளிப்போடுங்கள், பவுடருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

மாட்டும்போது நட்டுகளைக் கையால் ஏற்றி, வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால், எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கச் சொல்லுங்கள். ஏர் கன்னால் 'டர்ர்' என்று அடித்து முடித்துவிடுவார்கள், அதிலும் கூம்புக் குழியின் ஓரப் பூச்சு சிதறும். பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை நிறுத்தி, வீல் ஆறிய பிறகு, நாலு வீலிலும் ஒவ்வொரு நட்டையும் அதே ரெஞ்சால் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். எந்த நட்டாவது கொஞ்சம் சுற்றினால் அந்த வீலைக் கழற்றிக் குழியைப் பாருங்கள், பவுடர் மிச்சம் அங்கே இருக்கும்.